மசால் காட்டுக்குச் சுரந்த பால்

ஊத்துக்காட்டுப்புதூர் மாடுகள், பெற்ற கன்றுகளை விட்டுவிட்டு ஒரு தீவனக் காட்டுக்குத் தாயாகிப்போன வருஷத்தில், ஊருக்குள் யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. பாலில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் காடு இருக்கிற இடத்தில் முன்பு ஓர் ஆலமரம் நின்றது. மாடு கன்று போட்டால், கன்றுக்குப் பின்னால் விழுகிற இளங்கொடியை நாய் வாயில் படாமல், முக்கியமாக ஈன்ற மாடே தின்றுவிடாமல் எடுத்து, வைக்கோலில் பொதிந்து சாக்கில் கட்டி, பால் வடிகிற மரமாகப் பார்த்து உயரத்தில் தொங்கவிட வேண்டும். மாடு தன் கொடியைத் தானே தின்றால் பால் தங்காது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படி எத்தனையோ தலைமுறை மாடுகளின் கொடி அந்த ஆலமரத்தில் தொங்கிக் காய்ந்து கிடந்தது. நெடுஞ்சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்ட வந்தவர்கள், அந்த மூட்டைகளைப் பார்த்ததும் நாங்கள் கை வைக்க மாட்டோம், நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கி நின்று பீடி பற்ற வைத்தார்கள். ஊர் இறக்கியது. இறக்கியதை எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, வேரைப் பெயர்த்த குழியிலேயே போட்டு, பொக்லைனை விட்டு மூடச் சொன்னது. அதற்குப் பிறகும் கன்று போட்ட வீட்டுக்காரர்கள் பழக்கத்தை விட முடியாமல் கொடியைத் தூக்கிக்கொண்டு அதே இடத்துக்குத்தான் போனார்கள். தொங்கவிட மரமில்லையே என்று மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் வெளியூரிலிருந்து வந்த மூட்டைத் தீவனத்தில் பூஞ்சணம் பிடித்தது. அது தெரியாமல் அள்ளிப் போட்டதில் தொழுவத்துக்குத் தொழுவம் மாடுகள் வாயில் நுரை தள்ளிப் படுத்தன. பால் சொசைட்டி செயலாளர் அவிநாசியப்பன், பேச ஆரம்பித்தால் மைக்குக்குத்தான் தொண்டை கட்டும் என்று பெயர் எடுத்தவர், ஊரைக் கூட்டினார்.

"எங்கிருந்தோ வர்ற மூட்டைய நம்பி இனிமே மாட்டக் கட்ட முடியாதுங்க. புண்ணாக்குல இருக்கற புரதம் பூராவும் மசால்லயும் தட்டப்பயித்துலயும் இருக்குதுன்னு டாக்டரே சொல்றாரு. மாடு நம்ம ஊர்து, மண்ணு நம்ம ஊர்து, தீனி மட்டும் எதுக்குங்க வெளியூர்து?"

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டும்படியான பேச்சுதான் அது, அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆலமரம் நின்ற பொது நிலத்தை உழுது, வரப்போரம் அகத்தியும் ஊடே தட்டைப்பயறும், மற்ற இடம் முழுக்க வேலிமசாலும் விதைத்தார்கள். வேலிமசால் ஒருமுறை விதைத்தால் அறுக்க அறுக்கத் தழைகிற செடி. மாடுகள் அதற்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலையும். மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்பது மட்டும் விதைத்த அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

செடி வளர்ந்த வேகத்தைப் பார்த்து ஊர் பூரித்துப்போனது. காலையில் அறுத்த இடம் பொழுது சாய்வதற்குள் கணுக்கால் உயரம் தழைத்தது. அறுத்த தண்டு கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னபோது, நல்ல மண் என்றால் அப்படித்தான் என்று ஆண்கள் சொன்னார்கள். பின்பு ஒரு காலையில் சென்னிமலை என்கிற மாட்டுக்காரன் கறவைக்கு உட்கார, அவனுடைய செவலை மாடு மடி புடைத்திருந்தும் சொட்டு விடாமல் பாலை அடக்கிக்கொண்டு நின்றது. கன்றை அவிழ்த்து விட்டான். கன்று மடியை முட்டியது. மாடு அதை யாரையோ பார்ப்பதைப் போலத் திரும்பிப் பார்த்து, ஓங்கி ஓர் உதை விட்டது. அதே காலையில் அதே நேரத்தில் ஊரின் எல்லாத் தொழுவங்களிலும் எல்லா மாடுகளும் தங்கள் கன்றுகளை உதைத்தன. உதைத்துவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் இறங்கி, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் நடந்துபோய் மசால் காட்டைச் சுற்றி நின்றன. காற்று அசையாத அந்தக் காலையில் செடிகள் அத்தனையும் மாடுகள் பக்கமாகச் சாய்ந்து, கன்று மடியை முட்டுவதைப் போல முட்டி விலகி முட்டி விலக, மாடுகள் கண்ணை மூடிக்கொண்டன, கைபடாமலே காம்புகளிலிருந்து பால் மண்ணில் இறங்கியது.

ஓட்டிப் போவதற்காகத் துரத்தி வந்தவர்கள், பால் மண்ணில் போவதைப் பார்த்ததும் வாளி எடுக்கத் திரும்பி ஓடினார்கள்.

அவ்வளவுதான், ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. கறவை காட்டோரத்துக்கு மாறியது. சொசைட்டியின் தராசும் கேனும் அங்கே போயின, அவற்றின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும், கொட்டகையின் பின்னால் டீக்கடையும் போயின. முதல் பீச்சு காட்டுக்கு, மிச்சம் வாளிக்கு என்று ஒரு முறை வந்தது; அதைச் சொன்னவர் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஒருவரும் மீறவில்லை. கன்றுகளுக்குப் பாட்டிலில் ஊற்றினார்கள். பாட்டில் பால் குடித்த கன்றுகள் தாய் நக்கிக் கொடுக்காமல் ரோமம் சிலிர்த்து, குளிர்ந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. அதற்கும் அவிநாசியப்பனிடம் பதில் இருந்தது.

"கன்னு செத்தா தோலுக்குள்ள வைக்கோல அடச்சு மாட்டு முன்னாடி நிறுத்திக் கறக்கறதில்லீங்களா? நம்ம பாட்டன் பூட்டன் செஞ்சதுதான? இது அதே மாதிரிதானுங்க. கொஞ்சம் பெரிய வைக்கோல் கன்னு, பச்சையா இருக்குது, அவ்வளவுதான்."

வைக்கோல் கன்று முட்டாது, வளராது. இது இரண்டையும் செய்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சொன்னவள் சென்னிமலையின் மனைவி சுகந்தி, அதுவும் புருஷனிடம் மட்டும். காங்கேயத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மடியில் நாலு மாசத்துப் பெண் குழந்தை, ஜாதகத்தில் வந்த எழுத்துக்குப் பொருத்தமாகத் தேடிப் பிடித்துத் தன்ஷிகா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏனுங், அந்த மண்ணுக்குள்ள பூராவும் இளங்கொடிதான கெடக்குது? அதுல மொளச்சதத்தான மாடு திங்குது? தன்ற கொடியத் தானே தின்னுபோட்டுதுங்க. அதுக்குப் பெத்தது எது, பெறாதது எதுன்னு தெரியாமப் போச்சு."

"கொடியத் தின்னா மடி வத்தும்னுதான சொல்லுவாங்க?" என்றான் சென்னிமலை. "இங்க வழியுது. அப்ப இது வேற."

சென்னிமலை கெட்டவன் அல்ல. வாளி நிறைவதைப் பார்த்த மனுஷன், அவ்வளவுதான்.

ஆனால் பயம் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. யாரும் அதைப் பயம் என்று சொல்லவில்லை, தனியாகக் காட்டுப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அறுக்கப் போகிற பெண்கள் இடுப்பில் இரும்பு செருகிக்கொண்டார்கள். கறவையின்போது யாரும் காட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. செடி வரப்பைத் தாண்டித் தார்ச்சாலை ஓரம் வரைக்கும் வந்தது, முதல் பீச்சு என்பது முதல் வாளியாயிற்று, வெயில் உச்சியில் நின்று உற்றுக் கேட்டால் காடு முழுவதும் ஒன்றாக மூச்சு வாங்குவது கேட்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டு, அதே வாயால் அந்தப் பாலில் போட்ட டீயைக் குடித்தார்கள்.

சுகந்தியும் அந்தப் பாலைத்தான் குடித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் நிறையப் பால் குடிக்க வேண்டும் என்று சென்னிமலை சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஒரு நாள் காலையில் குழந்தையை மாரில் போட்டபோது அவளுக்குப் பால் வரவில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது, குழந்தை சப்பிச் சப்பி ஓய்ந்து வீறிட்டது, சொட்டு இறங்கவில்லை. டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தால் குடித்ததையெல்லாம் கக்கியது. பிற்பகலில் காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று சந்துக்குள் திரும்பியபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுகந்தியின் ரவிக்கை திடீரென்று நனைந்து, பால் வயிற்றில் வழிந்து, முந்தானையில் சொட்டியது. குழந்தை அப்போது உள்ளே தூளியில் அழுதுகொண்டிருந்தது. அவள் அந்த அழுகையைக் கேட்டபடி, யார் வீட்டுக் குழந்தை இப்படிக் கத்துகிறது என்று நினைத்தாள்.

நினைத்த மறுகணம் உள்ளே ஓடினாள். தூக்கி உச்சியை முகர்ந்தாள். பெற்ற நாளிலிருந்து அவளைக் கிறங்க வைத்த அந்த வாசனை அங்கே இல்லை. பவுடர் வாசனை இருந்தது, சுடுதண்ணீர் வாசனை இருந்தது. செவலை மாடு கன்றைத் திரும்பிப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அவள் வாழ்நாளில் அதுபோலப் பயந்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், "இதுக்கா இத்தன அழுகாச்சி?" என்றாள். "மாடெல்லாம் அங்க போயித்தான பால் உடுது? நீயும் புள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா நேரத்துக்கு அங்க போயிக் குடுத்துட்டு வா கண்ணு. நாலு பேரு பாக்கறாங்கன்னு கூச்சமா இருந்தா சேலைய மறச்சுக் கட்டச் சொல்றேன்."

சொன்னபடி கட்டியும் கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு குச்சி நட்டு, பழைய சேலையை மறைத்துக் கட்டி, உட்கார ஒரு மணைப்பலகையும் போட்டு வைத்தார்கள். ஊரின் நல்ல மனசை யாரும் குறை சொல்ல முடியாது.

சுகந்தி போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பால் இறங்கியது. குழந்தை ஆவலாகக் கவ்விக் குடித்தது, இன்னொரு பக்கத்துப் பால் தானாகப் பீறிட்டு மண்ணில் விழுந்தது. சேலை உள்பக்கமாகப் புடைத்தது. அதன் அடியிலிருந்து ஒரு மசால் நுனி வந்து அவள் முழங்கையைத் தொட்டது, இளங்கன்றின் மூக்கு மாதிரி ஈரமாக, வெதுவெதுப்பாக. அவளுக்குள் ஏதோ இளகியது. என் கண்ணே என்று சொல்ல வந்தது, சொன்னாள், அந்தப் பக்கமாகத் திரும்பி இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, காலடியில் ஏதோ முனகுவது கேட்டுக் கீழே பார்த்தபோது, மடியிலிருந்து நழுவிய குழந்தை மண்ணில் குப்புறக் கிடந்தது, அதன் கால்களைச் சுற்றி மசால் தண்டுகள் நெருங்கிப் படர்ந்து, அதைக் காட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். தெரு முழுக்க ஓடினாள். வீட்டுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, கையிலிருக்கிற குழந்தையைப் பார்த்து, இது யார் என்று தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அம்மா வீட்டுத் தொழுவம் ஞாபகம் வந்தது. மாடு கன்றை ஏற்றுக்கொள்ளாவிட்டால், அதற்குப் பிடித்த வாசனையைக் கன்றின் மேல் பூசிவிடுவார்கள். நக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு உறவு தானாக ஒட்டிக்கொள்ளும். சுகந்தி தொழுவத்துக்குப் போய்த் தீனித் தொட்டியில் கிடந்த மசால் தழையை இரண்டு கை அள்ளிவந்து, அம்மியில் அரைத்து, அந்தப் பச்சைச் சாற்றைக் குழந்தையின் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தடவினாள். தடவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து முகர்ந்தாள்.

எல்லாம் திரும்பி வந்தது. ஒரே மூச்சில், வெள்ளம் மாதிரி, பெற்ற அன்றைக்கு வந்ததைவிட அதிகமாக வந்தது. தன்ஷிகா, என்ற தங்கமே, என்ற சாமி என்று சத்தம் போட்டு அழுதாள், பால் ரவிக்கையைத் தாண்டி வழிந்தது, குழந்தை குடித்துவிட்டு வாயில் பால் ஒழுகத் தூங்கியது. அதன்பின் தினமும் அரைத்தாள், தினமும் தடவினாள். குழந்தையின் கன்னம் உப்பியது. பச்சை நிறத்தில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தெருவில் போவதை ஊரும் பார்த்துப் பழகிக்கொண்டது.

ஒரு காலையில் அவள் வாசல் கதவைத் திறந்தபோது மாடுகள் நின்றன. செவலை முன்னால், அதன் பின்னால் ஊரின் மற்ற எல்லா மாடுகளும், சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தபடி நின்றன. காம்புகளிலிருந்து பால் சொட்டிச் சந்து ஈரமாகியிருந்தது.

மாடுகளுக்குப் பின்னால் ஊர் வந்தது, கையில் வாளியோடு. காடு இரண்டு நாளாக மஞ்சளித்து, இந்தச் சந்துப் பக்கமாகவே சாய்ந்து கிடக்கிறது, ஒரு மாடும் அங்கே நிற்கவில்லை என்று சொன்னார்கள். அவிநாசியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தார். கோயிலுக்கு வருகிறவர் மாதிரி வந்தார்.

"அம்மிணி, ஒண்ணும் பெரிசாக் கேக்கல. காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, கறவை முடியற வரைக்கும் பாப்பாவ வாசல்ல கட்டில்ல படுக்க வெச்சாப் போதும். தழையெல்லாம் நாங்களே அரச்சுக் கொண்டாந்து தந்தர்றோம். இன்னிக்கு உன்ற புள்ளதான் இந்த ஊருக்கே சோறு போடுது, பாத்துக்க."

"மாட்டேனுங்க," என்றாள் சுகந்தி.

அவள் புருஷனைத் தேடினாள். சென்னிமலை கூட்டத்தில்தான் நின்றான். அவன் கையிலும் வாளி இருந்தது.

"கொஞ்ச நேரந்தான சுகந்தி," என்றான். "நானும் பக்கத்துலயே நிக்கறேன்."

கட்டிலை யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். குழந்தையை யாரோ அவள் இடுப்பிலிருந்து பக்குவமாக வாங்கினார்கள். பறித்தார்கள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு பிரியமாக வாங்கிப் போய்ப் படுக்க வைத்தார்கள். செவலை முதலில் வந்து நக்கியது. மாட்டு நாக்கு அரம் மாதிரி. ஒவ்வொரு மாடும் முறை வைத்து வந்து நக்க, சந்து முழுக்க வாளிகளில் பால் சர் சர்ரென்று இறங்க, குழந்தையின் கத்தல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. திருப்பிக் கொடுத்தபோது அதன் கன்னத்திலும் தொடையிலும் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. பழனாத்தாள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் கொஞ்சம் தழையை அதிகமாகத் தடவிவிடு கண்ணு, தடிப்பாக இருந்தால் தோலில் படாது என்று சொல்லிவிட்டுப் போனாள். கன்றுகளுக்கு என்ன ஆனது என்பது சுகந்திக்குத் தெரியும். உயிர் போனால் தோலுக்குள் வைக்கோல் அடைக்கிற ஊர் அது.

பொழுது சாயுமுன் மாடுகள் மறுபடி வாசலில் சேர்ந்தன, கட்டில் மறுபடி வந்தது. பாப்பாவைக் குளிப்பாட்டித் தழை தடவிக் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போன சுகந்தி, பின்கட்டில் சுடுதண்ணீர் விளாவினாள், பாசிப்பயற்று மாவைக் கரைத்தாள். தடவினால் என்ன ஆகும் என்று தெரியும், கழுவினால் என்ன ஆகும் என்றும் தெரியும். முதல் சொம்பு ஊற்றுவதற்கு முன்னால் குழந்தையின் முகத்தைக் கையில் ஏந்தி, காயங்களில் படாமல் முத்தமிட்டு, தனக்குத்தானே, ஆனால் வாய்விட்டுச் சொன்னாள்: "இது என்ற புள்ள. பேரு தன்ஷிகா. நான் மறந்துபோவேன். மறந்தாலும் கீழ எறக்கி வெச்சரக் கூடாது."

ஊற்றினாள். பச்சைத் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. ஒவ்வொரு சொம்புக்கும் அவளுக்குள் ஒன்று அணைந்துகொண்டே வந்தது, மார் கட்டியது, கடைசிச் சொம்பு ஊற்றித் துண்டால் துவட்டியபோது, உடம்பெல்லாம் சிராய்ப்போடு யாரோ பெற்ற ஒரு குழந்தை அவள் முழங்காலில் கிடந்து நடுங்கியது. வாசலில் மாடுகள் தலையைத் தூக்கின. ஒன்றும் புரியாதவை மாதிரி ஒரு நிமிஷம் நின்று, காட்டுப் பக்கம் திரும்பி நடக்க, ஊர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடியது. சென்னிமலையும் ஓடினான். அந்தச் சந்தடியில் சுகந்தி பின்வாசல் வழியாக இறங்கி, அந்தக் குழந்தையை எதற்கு எடுத்துப் போகிறோம் என்று விளங்காமலே எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டுக்குப் போய்க் காங்கேயம் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் மசால் காட்டை ஒட்டித்தான் போக வேண்டும். ஜன்னல் ஓரம் செடிகள் எழும்பி எழும்பிக் கம்பியைத் தொட்டன, மாடுகள் கத்தின, அவள் மார் இளகிப் பால் இறங்கியது. அது யாருக்காக இறங்குகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து குதித்துவிடத் துடித்த கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அழுத்திக்கொண்டு, அந்த யாரோ பெற்ற குழந்தையின் வாயைத் தன் மாருக்கும் காட்டுக்கும் நடுவில் வைத்தாள். குழந்தை குடித்தது. காடு முடிகிற வரைக்கும் விழுங்கி விழுங்கிக் குடித்தது. காடு முடிந்ததும் பால் நின்றது, குழந்தை அழ ஆரம்பித்தது.

டிக்கெட் போட வந்த கண்டக்டர், அவள் அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். உடைந்துவிடக்கூடிய அடுத்தவர் பொருளைப் பிடித்திருப்பதைப் போலப் பிடித்திருந்தாள்.

"அழுகுதேம்மா. இதோட அம்மா எங்க?"

சுகந்தி குழந்தையைக் குனிந்து பார்த்தாள். உச்சியை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை.

"நாந்தானுங்க," என்றாள்.

அவர் நம்பாமல் நின்றார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் நகர்ந்துபோன பிறகும், காங்கேயம் வந்து சேரும் வரைக்கும், பிடியைத் தளர்த்தாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.